குக்கர் கம்பெனியின் கதையும் நம்ம பொடிக் கணக்கும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு, ஊக்குநர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டவும்.)



வேலை வெட்டியை விட்டுவிட்டு, நூறு நாள் வேலைக்குக்கூடப் போகாமல் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்ன கேட்க வந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். "மசாலாப் பொடி யூனிட் என்ன ஆச்சு? நடக்குதா, மூடப் போறீங்களா?" இதுதானே? அதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறோம். ஒளிக்காமல் சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல நேரம் கொடுங்கள். நிஜமாக நடந்த கதை. நம் எல்லோர் அடுப்படியிலும் விசில் அடிக்கிற குக்கரின் கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்ய நாங்கள் வரவில்லை. உங்கள் வீட்டில் எந்தக் குக்கர் இருந்தாலும் சரி. சமையல் பாத்திரத்தை நம்பிப் பிழைத்த ஒரு குடும்பம் எப்படி விழுந்தது, எப்படி எழுந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

விற்கிற தொழிலில் தொடங்கினார்கள்

சென்னைக்குப் போனவர்கள் ஆழ்வார்ப்பேட்டை பக்கம் டி.டி.கே. சாலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டி.டி.கே. என்பவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1899-ல் பிறந்தவர். 1928-ல் சென்னையில் ஒரு வியாபாரம் தொடங்கினார். அப்போது அவரிடம் ஆலையும் இல்லை, மெஷினும் இல்லை. மற்றவர்கள் தயாரித்த பொருளை வாங்கி ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்புகிற வேலை. சோப்பிலிருந்து சாக்லேட் வரைக்கும் வெளிநாட்டுக் கம்பெனிப் பொருட்கள். நம் குழுக்களில் பலர் சேலையும் நைட்டியும் மொத்தமாக எடுத்து வந்து தவணைக்கு விற்கிறோமே, அதே முறைதான். அளவுதான் பெரிது.

பிறகு அவர் அரசியலுக்குப் போனார். 1952-ல் மத்திய வணிக அமைச்சர் ஆனார். பின்னால் நிதி அமைச்சராகவும் இருந்தார். நாடு சுதந்திரம் அடைந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்நியச் செலாவணி கையில் இல்லை. இங்கேயே பொருளைத் தயாரிக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருவதைக் குறைக்க வேண்டும் என்று இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கை வைத்துத்தான் அவர் வீட்டுத் தொழிலே ஓடியது. அந்தக் கட்டுப்பாடு அவர் வீட்டையும் விடவில்லை.

என்ன செய்வது? அழுதுகொண்டு உட்கார முடியுமா? விற்பனையை மட்டும் நம்பியிருந்த குடும்பம் தயாரிப்பில் இறங்கியது. இங்கிலாந்தில் பிரஸ்டீஜ் என்ற கம்பெனி குக்கர் செய்துகொண்டிருந்தது. அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, 1959-ல் பெங்களூரில் ஆலை வைத்து, பிரஷர் குக்கர் செய்ய ஆரம்பித்தார்கள். ஹாக்கின்ஸ் குக்கர் கம்பெனியும் அதே 1959-ல்தான் பம்பாயில் தொடங்கியது.

பயந்து ஓடிய காலம்

குக்கர் வந்தவுடன் பெண்கள் எல்லோரும் ஓடிப் போய் வாங்கினார்களா? இல்லை. நம் அம்மாக்களைக் கேட்டால் தெரியும். முதல் விசில் அடித்தபோது கொல்லைப்புறத்துக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்! "வெடிச்சிரும், புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா" என்று மாமியார் கத்தியதை எங்களில் ஒருவரே சொல்கிறார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. ஆவியாகத்தான் போகும். குக்கரில் மூடியை இறுக்கிவிடுகிறோம். ஆவி உள்ளேயே அழுத்துகிறது. அதனால் உள்ளே இருக்கிற தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் சூடேறுகிறது. துவரம்பருப்பு சீக்கிரம் மலர்வது அதனால்தான். விறகு மிச்சம், கேஸ் மிச்சம், நம் நேரமும் மிச்சம். ஆனால் அந்த ஆவிக்குப் போக வழி வேண்டும். வெயிட் ஒரு வழி. அது அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு இரண்டாவது வழி. சூடு அளவுக்கு மீறினால் வால்வில் உள்ள ஈயம் மாதிரியான உலோகம் உருகி, ஆவியை வெளியே விட்டுவிடும்.

1972: கடன் கழுத்தை நெரித்தது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1972-ல் அந்தக் குடும்பத்தின் தொழில்கள் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டன. மந்திரியாக இருந்தவர் வீடு, பேர் பெற்ற குடும்பம். ஆனாலும் கடன். கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ஜெகந்நாதன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்பில் இருந்தார். வயது இருபத்துநாலுதான் இருக்கும். ஊருக்கு வந்தவருக்கு இந்த நிலைமை தெரிந்தது. குடும்பத் தொழிலைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? "எனக்கு இதில் சம்பந்தம் இல்லை, வாங்கினவங்க கட்டட்டும்" என்று சொல்லத் தோன்றும். நம் குழுக்களிலும் கேட்கிறோமே, "அந்தக் கடன் போன ஊக்குநர் காலத்துல வாங்கினது" என்று! அவர் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எது லாபம் தருகிறது, எது நஷ்டம் என்று பார்த்தார். கம்பெனியை இழுத்து மூடவில்லை. கடனை அடைத்தார்கள். அது ஒரு வருஷத்தில் இரண்டு வருஷத்தில் முடிந்த வேலை இல்லை. பல வருஷம் ஆனது. தவணை தவணையாகக் கடன் கட்டுகிற நமக்கு அது என்ன பாடு என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

குக்கர் வெடித்தபோது

கடன் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு கஷ்டமும் வந்தது. வட மாநிலங்களில் குக்கர் வெடிக்கிறது என்று புகார். ஒரு குக்கர் வெடித்தால் அந்தத் தெருவில் யாரும் குக்கர் வாங்க மாட்டார்கள். இது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

ஆபீசில் உட்கார்ந்து "எங்க பொருள் நல்ல பொருள், நீங்க சரியா உபயோகிக்கலை" என்று கடிதம் எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஜெகந்நாதன் நேரில் போய் விசாரித்தார். விஷயம் தெரிந்தது. பழைய சேஃப்டி வால்வு போனதும், கடையில் மலிவாகக் கிடைத்த போலி வால்வை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது உருக வேண்டிய நேரத்தில் உருகவில்லை. ஆவிக்கு வழி இல்லை.

தப்பு கம்பெனியின் மேல் இல்லை என்று அப்போதும் தப்பித்திருக்கலாம். ஆனால் சமைக்கிற பெண்ணுக்கு எது அசல், எது போலி என்று எப்படித் தெரியும்? போலி வால்வு மாட்டினாலும் ஆபத்து வராதபடி என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள். அழுத்தம் அளவு மீறினால் உள்ளே இருக்கிற கேஸ்கெட் ரப்பர் அந்த இடைவெளி வழியாகப் பிதுங்கும், ஆவி வெளியேறிவிடும். வெயிட்டும் அடைத்து, வால்வும் வேலை செய்யாமல் போனால் மூன்றாவது வழி இது. இன்றைக்குப் பல கம்பெனிக் குக்கர்களில் இந்த இடைவெளி இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மூடியின் விளிம்பைப் பாருங்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? புகார் வந்தால் கோபப்படாதே, போய்ப் பார்.

வீட்டுக்குள் இருந்த இன்னொரு கஷ்டம்

இதையும் சொல்லாமல் போனால் கதை பாதிதான். தொழிலைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தக் குடும்பத்துப் பேரன்களில் ஒருவரான டி.டி. ரங்கநாதன் குடிப்பழக்கத்தால் சின்ன வயதிலேயே இறந்துபோனார். பணக்கார வீடு, படித்த வீடு என்று குடி பார்ப்பதில்லை, சகோதரிகளே. நம் ஊரில் மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைக்காதீர்கள்.

அவர் மனைவி சாந்தி ரங்கநாதன். கௌரவம் போய்விடும் என்று மறைத்து மூலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. குடி ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்லி, 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று சொன்னால் பலருக்குத் தெரியும். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதை விடுங்கள். தன் வீட்டில் நடந்ததை வெளியே சொன்னதால் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் குழுக்களிலும் இரவில் அடி வாங்கிவிட்டு, காலையில் "தடுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மறுபடியும் சறுக்கல்

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் குக்கர் வியாபாரம் மறுபடியும் படுத்தது. மலிவுக் குக்கர்கள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. ஒருமுறை வாங்கிய குக்கர் பத்து வருஷம் உழைக்கும். திரும்பத் திரும்ப யார் வாங்குவார்கள்?

அப்போது அவர்கள் குக்கர் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்று முடிவு செய்தார்கள். அடுப்பு, மிக்சி, தோசைக்கல், ஒட்டாத வாணலி என்று சமையலறைக்கு வேண்டிய எல்லாப் பொருளையும் செய்து, தனிக் கடைகளும் திறந்தார்கள். நிர்வாகத்தை வீட்டார் கையிலேயே வைத்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து வந்த திறமைசாலிகளை நிர்வாக இயக்குநராக உட்கார வைத்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் குக்கர் செய்யத் தொடங்கிய அதே நிறுவனம், 2016-ல் இங்கிலாந்தில் ஹார்வுட் என்ற சமையல் பாத்திரக் கம்பெனியை விலைக்கு வாங்கியது.

இன்னொரு வேடிக்கை. 1980-களில் அவர்கள் டி.வி. விளம்பரம் மனைவியைப் பார்த்துப் பேசவில்லை. மனைவி மேல் பிரியம் உள்ள புருஷன் இந்தக் குக்கரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வான் என்று கணவரைப் பார்த்துப் பேசியது. ஏனென்றால் பணப்பை அவர் கையில் இருந்தது. இன்றைக்கு நம் உறுப்பினர்கள் உள்கடன் வாங்கி, தானே கடைக்குப் போய், தானே மூடியைத் திறந்து பார்த்து வாங்குகிறார்கள். இது நம் சேமிப்பு செய்த மாற்றம்.

இனி நம்ம கணக்கு

கதை முடிந்தது. இப்போது நாங்கள் பேச வேண்டியதைப் பேசுகிறோம்.

நம் பொடி யூனிட்டுக்கு வாங்கிய வங்கிக் கடனில் மூன்று தவணை கட்டவில்லை. இது உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. எங்களுக்கு மூன்று மாதமாகத் தெரியும். அடுத்த மாதம் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று நாங்கள் பொதுக்குழுவில் சொல்லாமல் விட்டோம். தீர்மான நோட்டிலும் எழுதவில்லை. இது எங்கள் தப்பு. உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறோம்.

ஏன் கட்ட முடியவில்லை? கடைகளில் போட்ட சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. "கடைக்காரர் வேணும்னே பண்றாரு, வேற கம்பெனிக்காரன் கமிஷன் கொடுக்கிறான்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒரு பாக்கெட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. போன வாரம் ஒரு குழுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சொன்னார்: "பொடி கட்டி கட்டியா இருந்துச்சு, ஒரு மாதிரி வாடை. நம்ம சங்கத்துப் பொடியாச்சேனு யார்கிட்டயும் சொல்லாம என் மருமக தூக்கிக் கொட்டிட்டா."

அந்த வார்த்தை எங்களைச் சுட்டது. நம் பொடியைக் காசு கொடுத்து வாங்கி, நமக்காகவே வாயை மூடிக்கொண்டு, குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் போய்ப் பாக்கெட்டைப் பிரித்தோம். மழை மாதத்தில் மல்லியும் மிளகாயும் சரியாகக் காயவில்லை. ஆர்டர் போய்விடும் என்ற அவசரத்தில் அப்படியே அரைத்திருக்கிறோம். அரைத்த சூடு ஆறுவதற்குள் பாக்கெட்டில் போட்டு ஒட்டியும் இருக்கிறோம். உள்ளே வேர்த்து, கட்டியாகிவிட்டது. கடைக்காரர் மேல் தப்பு இல்லை. யாரும் கமிஷன் கொடுக்கவில்லை.

குக்கர்க்காரர்களாவது போலி வால்வைக் காரணம் சொல்லலாம். நமக்கு அந்தக் காரணமும் இல்லை.

நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானம்

யூனிட்டை மூடிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மூடினால் கடன் மூடிவிடுமா? யூனிட்டில் வேலை செய்கிற 11 பேரின் தினக்கூலி நிற்கும். கடன் நம் எல்லாக் குழுக்களின் பேரிலும் நிற்கும். நாளைக்கு ஒரு குழு வங்கி இணைப்புக் கடனுக்குப் போனால், மேனேஜர் முதலில் இதைத்தான் கேட்பார்.

அதனால் இவற்றை உங்கள் முன் வைக்கிறோம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கையில்.

ஒன்று. இன்றிலிருந்து பொடி யூனிட்டின் ரொக்கப் புத்தகமும் கடன் பாஸ் புத்தகமும் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் மேசை மேல் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் கேட்டாலும் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாத கணக்கு நம் கணக்கு இல்லை என்று யாரும் விலகக் கூடாது.

இரண்டு. திரும்பி வந்த பாக்கெட்டை யூனிட்டில் எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் பொடி வாங்கிய வீடுகளில் ஐந்து வீட்டுக்காவது நேரில் போய், "எப்படி இருக்கு? குறை என்ன?" என்று கேட்டு வர வேண்டும். நல்லா இருக்கு என்று மட்டும் எழுதி வரக் கூடாது.

மூன்று. மழை மாதங்களில் பொடி ஆர்டரைக் குறைத்துக்கொள்வது. அந்த மாதங்களில் வேறு என்ன செய்து விற்கலாம் என்று உறுப்பினர்கள் யோசனை சொல்ல வேண்டும். ஒரே பொருளை நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

நான்கு. யூனிட் பொறுப்பாளராக நிர்வாகக் குழுவில் இருப்பவரே இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றலாம். வேலை தெரிந்தவர் எந்தக் குழுவில் இருந்தாலும் அவருக்குக் கொடுக்கலாம். எங்கள் நாற்காலி போகிறதே என்று நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

ஐந்து. பாக்கித் தவணைகளுக்கு வங்கியில் நேரில் போய்ப் பேசுவது. ஒளிந்துகொள்ளக் கூடாது. எங்களோடு எந்தக் குழுவிலிருந்தும் இரண்டு பேர் வரலாம்.

போகும் முன் ஒரு வார்த்தை

குக்கரைப் பற்றிப் பேசிவிட்டு உபயோகமான நாலு விஷயம் சொல்லாமல் போனால் எப்படி? குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை கட்டாயம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு என்றால் பாதிக்கு மேல் வேண்டாம், அது நுரைத்து ஓட்டையை அடைக்கும். வெயிட் போடும் முன் ஆவி நேராக வருகிறதா என்று பாருங்கள். கேஸ்கெட்டும் வால்வும் தேய்ந்தால் அந்தந்தக் கம்பெனியின் அசல் பாகத்தையே கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முகத்தைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கூட்டமைப்பும் அப்படித்தான், சகோதரிகளே. உள்ளே கொதிப்பது எல்லா இடத்திலும் இருக்கும். பேச வழி விட்டால் பருப்பு வேகும். வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்களிடம் கோபம் இருந்தால் இப்போதே பேசுங்கள். டீ வந்துகொண்டிருக்கிறது. குடித்துவிட்டுச் சண்டை போடலாம். ஆனால் கணக்கு முடியாமல் யாரும் எழுந்து போக வேண்டாம்.

கடைசி வரிசையில் இருக்கிற பெரியம்மாவை முன்னால் வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.